தகப்பன் எலியையும் கேளுங்கள்

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், பள்ளியில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்தால், முதல் கேள்வி தாயிடம்தான் போகிறது. “வயித்துல இருந்தப்ப என்னத்தத் தின்ன?” என்று மாமியார் கேட்பார். அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். சில நேரம் படித்தவர்களும் கேட்பார்கள். பிள்ளை உருவாவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தகப்பன் என்ன குடித்தான், என்ன புகைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வுக்கூடங்களில் நூறு ஆண்டுக்கு மேலாக இந்த இரண்டு கேள்வியையும் எலிகளிடமும் எலியினத்து விலங்குகளிடமும் கேட்டு வருகிறார்கள். அங்கே கிடைத்த பதில்கள் நம் தோட்டங்களுக்கும் தமான்களுக்கும் வந்து சேரவில்லை. அவற்றை எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

போதை என்றதும் ஊசியும் பொடியும் மட்டும் நினைவுக்கு வர வேண்டாம். இங்கே பேசப்போவதில் பீரும் சம்சுவும் கள்ளும் அடக்கம். பிறக்கப்போகும் பிள்ளையின் மூளையைப் பொறுத்தவரை, கடையில் சட்டப்படி விற்கும் மதுதான் மிக நன்றாக ஆராயப்பட்ட போதைப்பொருள். அது செய்யும் கேட்டுக்கு ஆதாரமும் மிக உறுதியானது.

கெடா தமிழர்களுக்கு மது பழைய வழக்கு. ரப்பர்க் காலத்தில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே, நிர்வாகத்தின் கண்முன்னால், உரிமத்தோடு நடந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவனின் கூலியில் ஒரு பங்கு லயம் சேருமுன்பே அங்கே கரைந்தது. போர் முடிந்த கையோடு அதற்கு எதிராக எழுந்ததுதான் தொண்டர் படை. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம்.சாமி அதன் தலைவர். 1947 தொடக்கத்தில் கெடாவின் பல தோட்டங்களில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெண்களும் வந்து நின்றார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். கூலியும் குடும்பமும் அழிகிறதே என்ற கொதிப்பில் அவர்கள் போராடினார்கள். இன்னும் பிறக்காத பிள்ளையின் மூளையையும் அந்தக் கள் தொடும் என்பதை அன்றைய மருத்துவ உலகமே ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னாளில் கள்ளைவிடப் பல மடங்கு கடுமையான சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல ஆண்டுகள் பிரசாரம் செய்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்கள் லயங்களை விட்டுத் தமான்களுக்குக் குடியேறிய பிறகு கெத்தும் இலை காய்ச்சிய தண்ணீரும் சியாபு என்னும் போதைப்பொருளும் அந்த வரிசையில் சேர்ந்தன.

சரி, எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? செம்பனைத் தோட்டத்தில் எலி என்றால் பழக்குலையைத் தின்னும் எதிரி. அதைப் பிடிக்கக் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறோம். ஆய்வுக்கூடத்து எலி வேறு இனம், தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்தது. அதன் கர்ப்பம் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஒரே ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டி போடும். மூன்று வாரத்தில் பால் மறக்கும், இரண்டு மாதத்தில் பருவம் அடையும். மனிதரில் ஒரு தலைமுறையைப் பார்க்க 25 ஆண்டு காத்திருக்க வேண்டும். எலியில் ஓராண்டுக்குள் பேரக்குட்டியையே பார்த்துவிடலாம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு கர்ப்பிணிக்கு மது கொடுத்து, இன்னொருவருக்குத் தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பாவம். ஆகவே மனிதரில் நமக்குக் கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே குடித்தவர்களின் கதைகள்தான். அந்தக் கதைகளில் மதுவோடு வறுமை கலந்திருக்கும், சிகரெட் கலந்திருக்கும், பட்டினியும் அடியும் கலந்திருக்கும். கேட்டில் எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எலியிடம் பிரித்துப் பார்க்க முடியும்.

எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் முடிவுகளை நம்பலாமா என்று நீங்களே எடை போட முடியும். மது குடிக்கும் தாய் எலி குறைவாகத் தின்னும். குட்டி இளைத்துப் பிறந்தால் காரணம் மதுவா, பசியா? இதற்காக இன்னொரு கர்ப்பிணி எலியை வைத்து, முதல் எலி அன்றைக்கு எத்தனை கிராம் தின்றதோ அத்தனை கிராம் மட்டுமே அதற்கும் கொடுப்பார்கள்; மது கிடையாது. இரண்டின் குட்டிகளையும் ஒப்பிட்டால் பசியின் பங்கு கழிந்துவிடும். அடுத்தது வளர்ப்பு. போதைக்குப் பழகிய தாய் எலி குட்டிகளைச் சரியாக நக்கிச் சுத்தம் செய்யாது, கூட்டை விட்டு விலகிய குட்டியைக் கவ்விக்கொண்டு வராது. கெடுதல் கருப்பையில் நடந்ததா, கூட்டில் நடந்ததா? பிறந்த அன்றே குட்டிகளை மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். போதைத் தாயின் குட்டி ஆரோக்கியமான தாயிடம் போகும். அவளுடைய குட்டி இங்கே வரும்.

குட்டியைச் சோதிக்கும் முறைகளும் எளியவைதான். மல்லாக்கப் போட்டால் எத்தனை நொடியில் புரண்டு நிமிர்கிறது, சரிவில் தலைகீழாக விட்டால் மேல்நோக்கித் திரும்புகிறதா, கண் எத்தனையாம் நாள் திறக்கிறது என்று பார்ப்பார்கள். வளர்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டு, நீருக்குள் மறைந்திருக்கும் மேடையை நினைவில் வைத்துத் தேடி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். நம் பிள்ளைக்குத் தலை நின்றதா, குப்புற விழுந்ததா, தவழ்ந்ததா என்று கிளினிக்கில் தாதி கேட்டு எழுதுகிறாரே, ஏறக்குறைய அதே வகைக் கேள்விகள்.

மதுவில் முதலில் தெளிவானது காலம். 1973-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள், அளவு மீறிக் குடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஒரே மாதிரியான முக அமைப்பும் வளர்ச்சிக் குறையும் இருப்பதைக் கண்டு எழுதினார்கள். பிரான்சில் பால் லெமுவான் 1968-லேயே 127 பிள்ளைகளைப் பற்றி இதையே எழுதியிருந்தார். பிரெஞ்சு மொழியில் இருந்ததால் உலகம் கவனிக்கவில்லை. சிறிய கண் பிளவு, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய குழி மறைந்துபோவது ஆகியவை அந்த முகத்தின் அடையாளங்கள். 1981-இல் கேத்லீன் சூலிக் சுண்டெலியின் கர்ப்பத்தில் ஏழாம் நாள், அந்த ஒரே நாள் மட்டும், மது செலுத்திப் பார்த்தார். குட்டிகளுக்கு அதே முகம் வந்தது. சுண்டெலியின் ஏழாம் நாள் மனிதக் கர்ப்பத்தின் மூன்றாம் வாரத்துக்குச் சமம். மூன்றாம் வாரத்தில் எந்தப் பெண்ணுக்குத் தான் கர்ப்பம் என்று தெரியும்? நாள் தள்ளிப் போயிருப்பதைக்கூட அவள் கவனித்திருக்க மாட்டாள். “கர்ப்பம் உறுதியான அன்றே நிறுத்திவிட்டேன்” என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முகம் அந்த முதல் வாரங்களில் உருவாகிறது. மூளை கடைசி மாதம் வரை, பிறந்த பின்னும்கூட, வளர்ந்துகொண்டே இருக்கிறது. எலிக்குட்டி பிறந்த முதல் பத்து நாளில் அதன் மூளை அடையும் வளர்ச்சியை மனிதப் பிள்ளை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அடைகிறது. அந்தப் பத்து நாளில் மது பட்டால் மூளை அணுக்கள் பெரும் எண்ணிக்கையில் தாமாகவே மடிகின்றன. பிள்ளையின் முகம் சரியாக இருக்கும். கணக்கும் கவனமும் பொறுமையும் சரியாக இருக்காது. நம் பள்ளிகளில் மந்தம் என்றும் அடங்காதது என்றும் பெயர் வாங்கும் சில பிள்ளைகள் இந்த வகையாக இருக்கக்கூடும். முகத்தில் அடையாளம் இல்லாததால் யாருக்கும் ஐயம் வருவதில்லை.

சம்பள நாள் குடியைப் பற்றிய ஓர் ஆய்வு நம்மவர்களுக்கு மிக வேண்டியது. 1990-இல் டேனியல் பாந்தியஸ், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் எலிக்குட்டிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6.6 கிராம் என்ற கணக்கில் ஒரு நாளைய மது. அது 12 வேளைப் பாலில் பரவலாகக் கலந்து போனது. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் 4.5 கிராம்தான். ஒன்றுக்கு அதை நான்கு வேளையில் அடக்கினார்கள், இன்னொன்றுக்கு இரண்டே வேளையில். கடைசிக் கூட்டத்துக்குத்தான் மூளை அதிகமாகச் சுருங்கியது, சிறுமூளை அணுக்கள் அதிகமாக அழிந்தன. மொத்த அளவு குறைவு, கேடு அதிகம். இரத்தத்தில் மது எவ்வளவு உயரம் ஏறியது என்பதே கேட்டை முடிவுசெய்தது. வாரம் முழுக்கத் தொடாமல் இருந்து சனிக்கிழமை இரவு மொத்தமாகக் குடிப்பவர், “நான் தினக் குடிகாரன் இல்லையே” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. கர்ப்பிணிக்கு அந்த ஆறுதலில் ஒரு பயனும் இல்லை. அதற்காகத் தினமும் கொஞ்சம் குடிக்கலாம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று மருத்துவம் எந்த அளவையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி தகப்பன். இந்தக் கேள்வி நாம் நினைப்பதைவிடப் பழையது. 1910-களில் நியூயார்க்கில் சார்லஸ் ஸ்டாக்கார்ட் கினிப் பன்றிகளைப் பெட்டியில் அடைத்து, மது ஆவியைச் சுவாசிக்க வைத்து, அவற்றின் குட்டிகளைக் கவனித்தார். பிற்காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுக்கான பாப் சோதனையைக் கொடுத்த பாபனிகொலாவ் அவரோடு வேலை செய்தவர். பெயரில் பன்றி இருந்தாலும் கினிப் பன்றி எலியின் உறவுதான். ஆண் விலங்குக்கு மட்டும் மது கொடுத்து, மதுவே தொடாத பெண்ணோடு சேர்த்தபோதும் குட்டிகள் நலிந்தன, செத்தன என்று அவர் எழுதினார். கோழிகளிடம் சோதித்த ரேமண்ட் பேர்லுக்கு நேர்மாறான முடிவு கிடைத்தது. மது பட்ட கோழிகளின் குஞ்சுகளில் பிழைத்தவை வலுவாக இருந்தன. சண்டை அறிவியலுக்குள்ளேயே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மதுவிலக்குக்காரர்களும், தாழ்ந்த இரத்தம் உயர்ந்த இரத்தம் என்று பேசியவர்களும் அதைத் தங்கள் மேடைக்கு இழுத்தார்கள். 1933-இல் அமெரிக்க மதுவிலக்கு முடிந்ததும், அந்த மேடைப் பேச்சோடு இந்த ஆய்வையும் சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். தாயின் மது பிள்ளையைக் கெடுக்கும் என்பது திரும்ப ஏற்கப்பட நாற்பது ஆண்டு ஆனது. தகப்பனைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகுதான் மெல்லத் திரும்பியது.

அண்மையில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்டிங் குழுவினர் இந்தக் கேள்வியை முறையாக எடுத்தார்கள். ஆண் சுண்டெலிக்கு மட்டும், பெண்ணுக்கு மட்டும், இரண்டுக்கும் என்று பிரித்து மது கொடுத்து, குட்டிகளின் முகத்தையும் மண்டையோட்டையும் அளந்தார்கள். 2023-இல் வெளியான முடிவு இதுதான்: தகப்பன் மட்டும் குடித்தாலும் குட்டியின் முக அளவுகள் மாறுகின்றன. அவன் குடித்தது கூடக் கூட மாற்றமும் கூடுகிறது. தாயும் தகப்பனும் குடித்திருந்தால் கேடு மேலும் பெரிது. மருத்துவர்கள் இத்தனை காலம் தாயின் குடிக்குச் சான்றாக எடுத்துக்கொண்ட முக அடையாளத்தில் தகப்பனுக்கும் பங்கு இருக்கலாம் என்பது இதன் பொருள். “சத்தியமா நான் தொடவே இல்லை” என்று அழுத பெண்களில் எத்தனை பேரை இந்த உலகம் நம்பாமல் போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

விந்தில் மது எப்படிப் பயணம் போகிறது? மதுவே அதில் ஏறிப் போவதில்லை. மரபணுவின் எழுத்துகளும் மாறுவதில்லை. எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எது ஓய்வில் இருக்க வேண்டும் என்று காட்டும் வேதிக் குறிகள் அதன் மேல் இருக்கின்றன. எந்த மரத்தை வெட்டலாம், எதைச் சும்மா விட வேண்டும் என்று மண்டோர் ரப்பர் மரத்தில் சாயக் குறி போட்டுவிட்டுப் போவதைப்போல. மரங்கள் அவையேதான், குறி மாறிவிட்டால் அன்றைய வேலை மாறிவிடும். விந்தணுவோடு போகும் நுண்ணிய ஆர்என்ஏ துணுக்குகளும் இப்படிச் செய்தி கொண்டுபோகின்றன. மனிதரில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். முழுதாய் முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். குழந்தைக்குத் தயாராகும் ஆண் மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதன் அடிப்படை இந்தக் கணக்குதான்.

தகப்பன் வழி வருவது எப்போதும் நாம் எதிர்பார்க்கும் வடிவத்திலேயே வரும் என்றும் சொல்ல முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2013-இல் ஆண் எலிகளைக் கொக்கெய்னுக்குப் பழக்கி, போதை தொடாத பெண் எலிகளோடு சேர்த்தார்கள். மகன் எலிகள் கொக்கெய்னை அதிகமாகத் தேடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவை குறைவாகத் தேடின. மகள்களிடம் அந்த மாற்றம் இல்லை. நியூயார்க்கில் யாஸ்மின் ஹர்ட் குழுவினர் 2014-இல் வெளியிட்டது இதற்கு எதிர்ப்பக்கம். கஞ்சாவின் போதைச் சத்தைப் பருவ வயது எலிகளுக்குக் கொடுத்து, பிறகு நிறுத்தி, உடல் தெளிந்த பின்னர் இணை சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் கஞ்சாவை அறியாதவை. ஆனால் வளர்ந்தபோது ஹெராயினுக்காக மற்ற எலிகளைவிட அதிகம் உழைத்தன. போதைக்காரன் பிள்ளை போதைக்காரனாகத்தான் வருவான் என்று ஊரில் முத்திரை குத்துபவர்கள் இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தலைமுறை தாண்டி ஏதோ ஒன்று போகிறது என்பது உண்மை. அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது போதைப்பொருளையும் காலத்தையும், பிறந்தது ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது.

நம் மாநிலத்துக்குத் தனியாக உரியது கெத்தும். தமிழ்நாட்டு நீர்க்கடம்புக்கு நெருங்கிய உறவான மரம். கெடாவிலும் பெர்லிசிலும் தாராளமாக வளர்கிறது. இலையை மென்றோ காய்ச்சிக் குடித்தோ, வேலைக் களைப்புக்கு என்று தொடங்குபவர்கள் அதிகம். அதன் முதன்மைச் சத்தான மித்ராகைனின், மூளையில் மார்பின் போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டுகிறது. 2003 முதல் மலேசிய நச்சுப்பொருள் சட்டத்தில் அது அடங்கும். தண்டனை 10,000 ரிங்கிட் வரை அபராதம், நான்கு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கெத்துமைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆய்வுகளில் பெரும்பங்கு பக்கத்துப் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தில் நடந்தது. பி.விக்னசிங்கமும் உடனாய்வாளர்களும் வட மாநிலங்களில் கெத்தும் குடிக்கும் 136 பேரை விசாரித்து 2010-இல் எழுதினார்கள். வேறு போதையிலிருந்து விடுபட கெத்துமைப் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களில் நிறைய. டர்ஷன் சிங் குழுவினர் 2014-இல் 293 பேரைப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவர்கள் கடுமையாக அடிமைப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். அதே மையத்தின் எலி ஆய்வுகளில், மித்ராகைனின் கொடுத்த பெட்டிப் பக்கத்தையே எலிகள் விரும்பித் தேடின. தொடர்ந்து கொடுத்தபோது கற்கும் திறன் குன்றியது.

இது நேரடியாகக் குடித்த எலியின் கதை. பிறக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதற்கு மதுவுக்கு இருப்பதுபோல் நூறாண்டு ஆய்வு கெத்துமுக்கு இல்லை. ஆனால் அமெரிக்காவில், கர்ப்ப காலம் முழுதும் அந்த இலையை எடுத்த தாய்க்குப் பிறந்த பிள்ளை போதை முறிவு நடுக்கத்தோடு பிறந்து, மருத்துவமனையில் மருந்து கொடுத்து மீட்கப்பட்டதை 2018-இல் மருத்துவ இதழ் பதிவு செய்தது. இலைதானே, மூலிகைதானே என்ற பேச்சை நிறுத்த இது போதும் என்பேன்.

சியாபு இன்று ஊருக்கு ஊர் பேசப்படுவது. பிராக் நகரத்து ரோமானா ஷ்லாம்பெரோவா கர்ப்பிணி எலிகளுக்குத் தினமும் ஒரு கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் மெத்தாம்பெட்டமின், அதாவது நாம் சியாபு என்பதை, கொடுத்து நீண்ட காலம் ஆராய்ந்தவர். குட்டிகள் புரண்டு நிமிரவும் உடலைச் சமன் செய்யவும் தாமதமாகின. தாய் எலிகளின் பராமரிப்பும் குறைந்தது. இங்கேதான் குட்டி மாற்றும் முறை தன் வேலையைக் காட்டியது. போதைத் தாயின் குட்டிகளை ஆரோக்கியமான வளர்ப்புத் தாயிடம் வைத்தபோது குறை முழுவதும் மறையவில்லை. ஆனால் ஒரு பங்கு ஈடானது. நக்கித் துடைத்து, அணைத்துப் பால் கொடுக்கும் ஒரு தாய் கிடைத்தது, கருப்பையில் பட்ட அடியை ஓரளவு ஆற்றியது.

இந்த வகையில் இன்னும் நல்ல செய்திகள் உண்டு. அன்னா கிளின்ட்சோவாவும் வில்லியம் கிரீனோவும் மது பட்ட எலிகளைப் பெரிதான பிறகு, கயிறும் ஏணியும் தடையும் வைத்த பாதையில் தினமும் நடக்கப் பழக்கினார்கள். அவற்றின் தள்ளாட்டம் குறைந்தது. சிறுமூளையில் எஞ்சியிருந்த அணுக்கள் புதிய இணைப்புகளைக் கட்டியிருந்தன. ஜெனிஃபர் தாமஸ் மது பட்ட குட்டிகளுக்குக் கோலின் என்ற சத்தைக் கொடுத்தபோது துறுதுறுப்பும் கற்றல் குறையும் தணிந்தன. முட்டையிலும் மீனிலும் நிறைய இருக்கும் சத்துதான் அது. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் இதுவரை படித்துவிட்டு, எல்லாம் முடிந்துபோனது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. பிறந்த பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. பேச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

எலியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. 1950-களின் கடைசியில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுத்த தாலிடோமைடு மாத்திரை, உலகில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கைகால் குறுகிப் பிறக்கவைத்தது. எலிக்கும் சுண்டெலிக்கும் அதே மாத்திரை அந்தக் கேட்டைச் செய்யவில்லை. முயலிடம் சோதித்தபோதுதான் தெரிந்தது. ஓர் எலி ஆய்வை மட்டும் வைத்து இது பாதுகாப்பு என்றோ இது நஞ்சு என்றோ சொல்லக் கூடாது. ஒரே ஈற்றில் பிறந்த பத்துக் குட்டியைப் பத்துச் சான்றாகக் கணக்கிட்ட ஆய்வுகளும் இருந்தன. ஒரு தாய் என்றால் ஒரு சான்றுதான் என்பது இப்போது ஏற்கப்பட்ட விதி. மதுவைப் பொறுத்தவரை எலி, சுண்டெலி, கினிப் பன்றி, செம்மறி, குரங்கு, மனிதர் எல்லாரிடமும் ஒரே திசையில் விடை வந்திருக்கிறது. அதனால்தான் அங்கே உறுதியோடு பேச முடிகிறது.

மனிதரிடம் அவசரப்பட்டதன் விலையும் நமக்குத் தெரியும். 1980-களில் அமெரிக்காவில், கொக்கெய்ன் தாய்மாரின் பிள்ளைகள் ஒரு தலைமுறையே பாழ் என்று பத்திரிகைகள் எழுதின. ஏழைத் தாய்மார் கைதானார்கள், பிள்ளைகள் பிடுங்கப்பட்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற மருத்துவர் 224 பிள்ளைகளைப் பிறந்தது முதல் இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார். பாதிப் பேர் கருவில் கொக்கெய்ன் பட்டவர்கள், மீதிப் பேர் அதே ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த மற்றவர்கள். இரு சாராருக்கும் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வறுமை இருவரையும் கீழே இழுத்திருந்தது. லயத்தில் வளர்ந்த நமக்கு அந்த முடிவு புதிதாகத் தோன்றாது. ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு விடியுமுன் மரம் வெட்டப் போன தாய்மாருக்கு, குடியைப் போலவே கூலியும் பிள்ளையின் வளர்ச்சியைத் தீர்மானித்தது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். தாய் குடித்தாளா என்று மட்டும் விசாரிக்கும் பழக்கம் அநியாயமானது, அறிவியலுக்கும் பொருந்தாதது. அதைக் கேட்டுக் கேட்டு நாம் பெண்களைக் கிளினிக்கில் பொய் சொல்ல வைத்திருக்கிறோம். பொய் சொல்லும் தாய்க்கு உதவி கிடைக்காது. அவள் பிள்ளைக்கும் கிடைக்காது.

ஆகவே குழந்தைக்குத் தயாராகும் தம்பதிகளுக்கு ஒரு வேண்டுகோள். மது, கெத்தும், கஞ்சா, சியாபு எதுவானாலும் மூன்று மாதம் முன்பே இருவரும் நிறுத்துங்கள். ஏற்கெனவே கர்ப்பம் என்றால் இன்றே நிறுத்துவதும் பலன் தரும், ஏனென்றால் மூளை கடைசி மாதம் வரை வளர்கிறது. ஆனால் நீண்ட நாள் கடுமையாகக் குடித்தவரும், ஹெராயினுக்குப் பழகியவரும், மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவரும் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. கர்ப்ப காலத்தில் மருத்துவர் கண்காணிப்பில் மெத்தடோனைத் தொடர்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. அரசாங்கக் கிளினிக்கில் சொல்லுங்கள். தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில், தானாக முன்வருபவர்களுக்குச் சிகிச்சைக்கு வழி உண்டு. பிள்ளையின் பேச்சோ நடையோ கவனமோ பின்தங்கியிருந்தால், பள்ளி வயது வரும்வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணன்மாரே, தம்பிமாரே, உங்களுக்கும் ஒரு சொல். கிளினிக்கில் மனைவியின் கர்ப்பப் பதிவுக்கான பிங்க் புத்தகம் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் என்ன குடிக்கிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைத் தாதியிடம் நீங்களே சொல்லுங்கள்.